வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை: வேக்குவம் தொழில்நுட்பம், ஓர் எளிய அறிமுகம்

கிணற்று மேட்டில் மோட்டாரையும் சாதாரண உறிஞ்சு பம்பையும் வைத்துக்கொண்டு நாற்பது அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீரை மேலே கொண்டுவர முடியாது. மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டினாலும் முடியாது, அதே வகையில் விலை உயர்ந்த பம்பை வாங்கினாலும் முடியாது. கொங்கு வட்டாரத்தின் பழைய கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தால், பாதி ஆழத்தில் ஒரு திட்டும் அதன்மேல் மோட்டார் நின்ற இடமும் தெரியும். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகுதான் அந்தப் பாடு ஓய்ந்தது.

ஏன் முடியாது? பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்பதால்தான். குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. கிணற்று நீரின் மேற்பரப்பை வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் எதிர்த்து அழுத்த ஒன்றும் இல்லாதபோது, அந்தக் காற்றே தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்துகிறது. அது தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாயைத் துளிக் காற்றும் இல்லாமல் காலி செய்தாலும் அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறாது. உராய்வும், குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வின் தடையும் போக நடைமுறையில் கைக்குக் கிடைப்பது 22 முதல் 25 அடி வரைதான்.

இத்தாலியில் 17-ஆம் நூற்றாண்டில் கிணற்றுப் பம்ப் செய்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. கலிலியோவே அதைப் பற்றி யோசித்து முழு விடை காணாமல் விட்டுவிட்டார். அவருடைய உதவியாளராக இருந்த எவாஞ்செலிஸ்டா டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே குழாயில் காற்று இல்லாத இடம். காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று 1644-இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். வெற்றிடத்தை அளக்கும் அலகுகளில் ஒன்றான ‘டார்’ அவர் பெயரைத் தாங்கியது. ஒரு டார் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தின் அழுத்தம். காற்றழுத்தம் 760 டார்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயர் ஆட்டோ வான் கெரிக்கே. அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இரு பக்கமும் எட்டெட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்க விட்டார். 1657-இல் நடந்த அந்தக் காட்சி இன்றும் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அரைக்கோளங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த விசை சுமார் இரண்டு டன். ஒரு பக்கத்தைச் சுவரில் கட்டிவிட்டு எட்டுக் குதிரைகளை மட்டும் இழுக்க விட்டிருந்தாலும் இதே பலன்தான். ஆனால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குப் பாதித் தீனிதான் கிடைத்திருக்கும். மேயருக்கு அரசியலும் தெரிந்திருந்தது.

எவ்வளவு காலி செய்ய வேண்டும்?

வெற்றிடம் என்றதும் ஒன்றுமே இல்லாத இடம் என்று மனதில் தோன்றும். அப்படி ஓர் இடத்தை இதுவரை எவரும் உருவாக்கியதில்லை. அறையில் இருக்கும் காற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. காற்றழுத்தத்தை 1,000 மில்லிபார் என்று வைத்துக்கொண்டால், அதை நூறு கோடி மடங்கு குறைத்து 10⁻⁶ மில்லிபாருக்குக் கொண்டுவந்த பிறகும் அதே கன சென்டிமீட்டரில் 2,500 கோடி மூலக்கூறுகள் மிஞ்சியிருக்கும். ஆய்வகங்களில் கிடைக்கும் மிகச் சிறந்த வெற்றிடங்களில் ஒன்றான 10⁻¹² மில்லிபாரிலும் இருபத்தைந்தாயிரம் இருக்கும்.

அதனால் தொழிற்சாலையில் யாரும் ‘வெற்றிடம் வேண்டும்’ என்று மட்டும் கேட்பதில்லை. எத்தனை மில்லிபார் என்பதே கேள்வி. 1 மில்லிபார் வரை தாழ்வெற்றிடம், அங்கிருந்து 10⁻³ வரை நடுத்தரம், 10⁻⁷ வரை உயர்வெற்றிடம், அதற்கும் கீழே மீயுயர் வெற்றிடம் என்று ஏறத்தாழப் பிரிப்பார்கள். எல்லைகள் நூலுக்கு நூல் சற்று மாறும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் வாயுவின் குணம் எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

மதுரையில் தேர் நகரும் நாளில் மாசி வீதிக்குள் நுழைந்தால், ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நான்கு பேர்மீது மோத வேண்டியிருக்கும். அதே வீதியில் ஒரு சாதாரண நாளின் பின்னிரவில் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை யார்மீதும் படாமல் நடந்துவிடலாம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மீது மோதாமல் கடக்கும் சராசரித் தூரம், ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தம் 10⁻³ மில்லிபாருக்கு இறங்கினால் அது ஆறேழு சென்டிமீட்டராகிறது. 10⁻⁶ மில்லிபாரில் அறுபது மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள கலனுக்குள் அறுபது மீட்டர் என்றால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதையே விட்டுவிட்டுச் சுவரில் மட்டும் மோதித் திரிகின்றன என்று பொருள்.

இந்த நிலைக்குப் பிறகு காற்று ‘ஓடுவதில்லை’. பின்னாலிருந்து தள்ளவும் கூட்டம் இல்லை, முன்னாலிருந்து இழுக்கவும் எதுவும் இல்லை. தற்செயலாகப் பம்பின் வாய்க்குள் வந்து விழும் மூலக்கூறை மட்டுமே பம்ப் பிடிக்க முடியும். அதனால்தான் உயர்வெற்றிடக் கருவிகளில் பம்பைக் கலனோடு ஒட்டியே வைக்கிறார்கள். இணைப்புக் குழாயும் குட்டையாக, அகலமாக இருக்கும். நீண்ட குழாய் ஒன்றின் விட்டத்தை இரு மடங்காக்கினால், இந்த நிலையில் அதன் வழியே எட்டு மடங்கு வாயு போகும். நல்ல பம்பை வாங்கிவிட்டு மெல்லிய நீண்ட குழாயில் இணைப்பது, இந்தத் துறையில் காசைக் கரியாக்குவதற்கு மிக எளிய வழி.

விசைக்காக வெற்றிடம்

கண்ணாடித் தகடுகளையும் அட்டைப் பெட்டிகளையும் தூக்கும் உறிஞ்சு கிண்ணங்களுக்குத் தாழ்வெற்றிடமே போதும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரப்பர் கிண்ணத்தின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் காற்றில் அறுபது சதவீதத்தை எடுத்தால் கணக்குப்படி 47 கிலோவைத் தாங்கும். பாதுகாப்புக்காக அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் தூக்க விடுவார்கள். பால் கறக்கும் இயந்திரமும் இந்த வகைதான். அதில் ஏறத்தாழப் பாதிக் காற்றழுத்தத்தைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால் மாட்டின் காம்புக்குக் கேடு.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. உயர்வெற்றிடம் என்றால் கலனை இன்னும் பயங்கரமாக நசுக்கும் என்று நினைக்கிறார்கள். 99 சதவீதக் காற்றை எடுத்தபோதே வெளிக்காற்றின் விசையில் 99 சதவீதம் வந்துவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரு சதவீதத்தை எடுக்கக் கோடி ரூபாய் செலவு செய்தாலும் விசை கூடுவது அந்த ஒரு சதவீதம் மட்டுமே. ஒரு சதுர மீட்டர் கதவின்மீது பத்து டன். அதற்கு மேல் எங்கேயும் போகாது. விசை மட்டும் வேண்டுமென்றால் மலிவான பம்ப் போதும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

கொதிக்க வைக்க வெற்றிடம்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டும்தான். அழுத்தத்தை 42 மில்லிபாருக்குக் குறைத்தால் 30 டிகிரியிலும், 23 மில்லிபாருக்குக் குறைத்தால் 20 டிகிரியிலும் கொதிக்கும். வெற்றிடத்தைப் பயன்படுத்தும் தொழில்களில் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையை வைத்தே பிழைக்கிறது.

சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையில் காய்ச்சினால் நிறம் கறுத்து, சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்துபோகும். இங்கிலாந்தில் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1813-இல் மூடிய கலனுக்குள் அழுத்தத்தைக் குறைத்துப் பாகு காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஆலைகளின் வேக்குவம் பேன் (வெற்றிடக் கொப்பரை) அதன் வழிவந்ததுதான். அதில் பாகு 65 டிகிரி அளவிலேயே கொதித்து வெள்ளைப் படிகங்களாகத் திரள்கிறது. பேனிலிருந்து வரும் நீராவியைக் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தண்ணீராக்கிவிடுகிறார்கள். நீராவி சுருங்குவதே வெற்றிடத்தின் பெரும்பகுதியை உண்டாக்கிவிடும், பம்புக்குக் கசியும் காற்றை வெளியேற்றும் வேலை மட்டுமே மிச்சம். அப்படிச் சேரும் தண்ணீர் வெளியேற வேண்டும், ஆனால் அதே வழியாக வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. இதற்காகப் பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, அதன் அடியைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்திருப்பார்கள். காற்றால் தண்ணீரை 34 அடிக்கு மேல் தள்ள முடியாது என்ற அதே வரம்பு, கிணற்றுக்காரருக்குத் தொல்லை, ஆலைக்காரருக்குச் செலவில்லாத வால்வு.

அழுத்தத்தை 6.1 மில்லிபாருக்கும் கீழே கொண்டுபோனால் இன்னொரு அதிசயம் நடக்கும். அங்கே தண்ணீர் திரவமாக இருக்கவே முடியாது. பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிறது. உடனடிக் காபித் தூளில் ஒரு வகையும், பல தடுப்பூசிகளும் இப்படி உறைய வைத்து உலர்த்தப்படுகின்றன. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி வெறும் தூளாகத்தான் வருகிறது. போடுவதற்கு முன்புதான் உப்புநீரில் கரைப்பார்கள். வெற்றிடத்தில் மூடிய கண்ணாடி ஆம்பூலை உடைக்கும்போது செவிலியர் அதை ஒரு பாலித்தீன் தாளால் சுற்றிக்கொள்வது கை கிழியாமல் இருக்க மட்டுமல்ல. கண்ணாடி விரிசல் விட்ட கணமே வெளிக்காற்று உள்ளே பாய்ந்து தூளைச் சிதறடித்துவிடும். சென்னை கிண்டியில் 1948-இல் தொடங்கப்பட்ட பி.சி.ஜி. ஆய்வகம் இந்தத் தடுப்பூசிக்காகவே ஏற்பட்டது.

உலர்த்தும்போது வெளியேறும் நீராவியை அப்படியே பம்பால் இறைக்க முடியாது. ஒரு கிராம் பனிக்கட்டி 0.1 மில்லிபாரில் ஆவியானால் பத்துக் கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். எனவே கலனுக்கும் பம்புக்கும் நடுவே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த குழாய்ச் சுருளை வைத்து, நீராவியை அதன்மேல் மீண்டும் பனியாகப் படிய வைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஏ.சி. மாட்ட வரும் மெக்கானிக் செய்வதும் கொதிக்க வைக்கும் வேலைதான், அவர் அப்படிச் சொல்லாவிட்டாலும். உள்ளிருக்கும் பெட்டியையும் வெளியிருக்கும் பெட்டியையும் செம்புக் குழாயால் இணைத்த பிறகு, குழாய்க்குள் காற்றும் ஈரமும் அடைபட்டிருக்கும். காற்று குளிரூட்டும் வாயுவைப் போலத் திரவமாகாது. இருந்தால் கம்ப்ரசருக்கு வீண் சுமை. ஈரமோ கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். எனவே சிறிய வேக்குவம் பம்பை மாட்டி ஓட விடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அழுத்தம் காட்டும் கேஜின் முள், முழு வெற்றிடத்தைக் குறிக்கும் மைனஸ் 760-ஐத் தொட்டு நின்றுவிடும். பலர் அத்தோடு பம்பை நிறுத்திவிடுவார்கள். வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அந்த வட்டக் கேஜில் முள்ளின் தடிமனே பல மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை மறைத்துவிடும். 10 டாருக்கும் அரை டாருக்கும் அதில் வேறுபாடு தெரியாது. ஈரம் வெளியேற நேரம் பிடிக்கும், ஏனென்றால் கொதிக்கும் தண்ணீர் தன் வெப்பத்தையே இழந்து குளிர்கிறது, குளிரக் குளிரக் கொதிப்பது மெதுவாகிறது. 500 மைக்ரான், அதாவது அரை டார் வரை இறக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. அதை அளக்கத் தனி மின்னணுக் கேஜ் வேண்டும்.

இலக்கைத் தொட்டதும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் எண்களைப் பார்க்க வேண்டும். அழுத்தம் சற்று ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது; மறுபடி பம்பை ஓட விடலாம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. எவ்வளவு நேரம் பம்பை ஓட்டினாலும் பயனில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளிலும் கசிவைப் பிரித்தறியும் முதல் சோதனை இதுதான். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றை எடுத்துவிட்டு இன்னொன்றை நுழைக்கவும் வெற்றிடம் உதவும். நூற்பாலைகளில் நூல் கூம்புகளுக்கு ஈரமேற்றும்போது முதலில் காற்றை வெளியேற்றினால்தான் நீராவி கூம்பின் உள்ளடுக்கு வரை போகும். மருத்துவமனை ஆட்டோகிளேவில் துணிக் கட்டுகளுக்கு நடுவே நீராவி புகுவதும், மோட்டார்ச் சுருளின் இண்டு இடுக்கெல்லாம் வார்னிஷ் இறங்குவதும் அப்படித்தான். உருக்கிய எஃகிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றவும் இதே தாழ்வெற்றிடம் போதும். ஹைட்ரஜன் உள்ளேயே நின்றுவிட்டால் தண்டவாளம் போன்ற கனத்த உருப்படிகளில் பின்னால் நுண்விரிசல் விழும்.

ஃபிளாஸ்க் என்ற புதிர்

ஃபிளாஸ்கின் இரு சுவர்களுக்கு நடுவே இருக்கும் காற்றில் பாதியை எடுத்தால் வெப்ப இழப்பும் பாதியாகும் என்று யாருக்கும் தோன்றும். ஆகாது. பத்தில் ஒன்பது பங்கை எடுத்தாலும் காற்றின் வழியே கடத்தப்படும் வெப்பம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். வெப்பத்தைச் சுமக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்தாலும், எஞ்சியவை ஒவ்வொன்றும் மோதாமல் அதிகத் தூரம் சுமந்துபோய்விடுகின்றன. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது. மோதாமல் போகும் தூரம் சுவர்களுக்கு இடையிலான இடைவெளியை மிஞ்சிய பிறகுதான் இந்த ஈடுகட்டல் முறிந்து, கடத்தல் சரியத் தொடங்கும். எனவே நல்ல ஃபிளாஸ்கில் 10⁻³ மில்லிபாரோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். 1892-இல் ஜேம்ஸ் டீவார் இதைத் திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்கத்தான் செய்தார். காபி பிற்பாடு வந்தது.

வெப்பக் கடத்தல் அழுத்தத்தோடு மாறும் அந்த நடுப்பகுதியே ஓர் அளவுகோலாகவும் ஆயிற்று. மார்செல்லோ பிரானி 1906-இல், சூடான மெல்லிய கம்பி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை வைத்து அழுத்தத்தை அளந்தார். இன்றைக்கும் பட்டறைகளில் அதிகம் காணப்படும் வேக்குவம் கேஜ் பிரானி கேஜ்தான். ஒரு எச்சரிக்கை: அது காற்றுக்கோ நைட்ரஜனுக்கோ ஏற்றாற்போல அளவு குறிக்கப்பட்டது. ஹீலியமோ ஆர்கானோ இருந்தால் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

நேர்வழியில் பறக்கும் அணுக்கள்

சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் வெள்ளியாக மின்னுகிறதே, அது தகடு அல்ல. பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியம் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. அச்சில்லாத ஓரத்தைக் கைபேசி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒளி மங்கலாக ஊடுருவி வரும். வெற்றிடக் கலனுக்குள் அலுமினியத்தை உருக்கி ஆவியாக்கி, அதன் மேலே படலச் சுருளை வேகமாக ஓட விடுகிறார்கள். காற்றழுத்தம் 10⁻⁴ மில்லிபார் அளவில் இருப்பதால் அலுமினிய அணுக்கள் வழியில் எதன்மீதும் மோதாமல் நேரே போய்ப் படலத்தில் ஒட்டுகின்றன. வெற்றிடம் சரியில்லாவிட்டால் அணுக்கள் வழியிலேயே மோதித் திரண்டு, பளபளப்புக்குப் பதில் கரிப்பொடிதான் படியும்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆடிக்கும் இதே முறைதான். தூசியாலும் ஈரத்தாலும் அலுமினியப் பூச்சு மங்கும்போது ஆடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கழுவி, அங்கேயே உள்ள வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் புதுப்பூச்சு ஏற்றுகிறார்கள். விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்தப் படலத்தின் தடிமன் சுமார் நூறு நானோமீட்டர்.

எலக்ட்ரான்களுக்கும் இப்படி வழிவிட வேண்டும். எக்ஸ்ரே குழாய், எலக்ட்ரான் நுண்ணோக்கி, சில்லு செய்யும் கருவிகள் எல்லாம் உயர்வெற்றிடத்தை நம்பி இருக்கின்றன. துணைமின் நிலையங்களில் உள்ள வேக்குவம் பிரேக்கரில் கதை தலைகீழ்: அங்கே மின்பொறியைத் தாங்கி வளர்க்க வாயு இல்லை என்பதே பலன். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியே 11,000 வோல்ட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதற்குப் பம்ப் கிடையாது. ஆலையில் மூடிய வெற்றிடம் பல்லாண்டுகள் அப்படியே நிற்க வேண்டும். சுவிட்சர்லாந்து எல்லையில் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் மணிக்கணக்காகச் சுற்றுவதற்கு இன்னும் ஆயிரமாயிரம் மடங்கு தூய வெற்றிடம் தேவைப்படுகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட்டின் மேல்நிலை எஞ்சின்களைச் சோதிக்கக் கலனைக் காலி செய்வது வேறு காரணத்துக்காக. விண்வெளிக்கென்று வடிவமைத்த அகன்ற நாசிலை, அதாவது வாயு வெளியேறும் வாயை, வைத்துத் தரைக்காற்றில் எரித்தால், வெளியேறும் வாயு நாசில் சுவரை விட்டுப் பிரிந்து அதை உலுக்கிவிடும்.

பம்புகள்: ஏன் இரண்டு வேண்டும்?

ரோட்டரி வேன் பம்பைத் திறந்து பார்த்தால், உருளையான கூட்டுக்குள் மையம் விலகிச் சுழலும் ஒரு ரோட்டர், அதன் பள்ளங்களில் வெளியே தள்ளி நிற்கும் இரண்டு தகடுகள், எல்லாவற்றையும் நனைக்கும் எண்ணெய், அவ்வளவுதான். தகடு ஒரு சுற்றில் கொஞ்சம் காற்றைப் பிடித்து, அழுத்தி, எண்ணெயில் மூழ்கிய வால்வு வழியாக வெளியே தள்ளும். இரண்டு கட்டப் பம்ப் 10⁻³ மில்லிபார் வரை எட்டும். தொடக்கத்தில் குடுகுடுவென்று எண்ணெய் கொப்பளிக்கும் சத்தம். காற்று தீரத் தீர அது அடங்கி, ‘டக் டக்’ என்று உலர்ந்த தட்டலாக மாறும். பழகியவர்கள் கேஜைப் பார்க்காமலே நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

ஈரமான பொருளை இறைத்தால் நீராவி பம்புக்குள் அழுந்தித் தண்ணீராகி எண்ணெயில் கலந்து, எண்ணெய் வெளுத்துவிடும். அதைத் தவிர்க்கவே ‘கேஸ் பலாஸ்ட்’ என்ற சிறு திருகு. அதைத் திறந்தால் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளே போய், நீராவி தண்ணீராவதற்கு முன்பே வெளியேற்ற வால்வைத் திறக்க வைக்கும். பல பட்டறைகளில் அது எதற்கு என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்காக மூடிக் கிடக்கும்.

10⁻³-க்குக் கீழே போக வேறு இனம் வேண்டும். ஜெர்மனியில் வில்லி பெக்கர் 1958-இல் கொண்டுவந்த டர்போ பம்பில், அடுக்கடுக்கான சிறகுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழன்று, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி அடித்து அனுப்புகின்றன. நைட்ரஜன் மூலக்கூறு அறை வெப்பத்தில் நொடிக்கு 470 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. சிறகின் முனையும் அந்த வேகத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்க வேண்டும். நெரிசலான காற்றில் இந்தப் பம்ப் பயன்படாது, மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும் நிலையில்தான் வேலை செய்யும். ஆகவே முதலில் ரோட்டரி பம்ப் பெரும்பகுதியைக் காலி செய்து கொடுத்து, பிறகும் டர்போவின் பின்னால் நின்று அது அனுப்பும் வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அசையும் பாகமே இல்லாமல் சூடான எண்ணெய் ஆவியின் தாரையால் மூலக்கூறுகளை அடித்துத் தள்ளும் டிஃப்யூஷன் பம்புக்கும் இதே ஏற்பாடு. விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சூடாக இருக்கும்போது தவறிக் காற்றை உள்ளே விட்டால் எண்ணெய் கருகி, கலன் முழுக்க அதன் பிசுக்கு ஏறிவிடும். இன்னும் தூய்மை வேண்டுமென்றால் வாயுவை வெளியே அனுப்பாமல் உள்ளேயே சிறைபிடிக்கும் பம்புகளும் உண்டு. கிரையோ பம்ப் மிகக் குளிர்ந்த பரப்பில் அதை உறைய வைக்கும்.

முள் சொல்வதும் சொல்லாததும்

பட்டறைக் கேஜ்களில் பூஜ்யம் என்பது வெளிக்காற்று, மைனஸ் 760 என்பது முழு வெற்றிடம். நேர்த்தியான வேலைகளில் கணக்கு மறுபக்கம்: முழு வெற்றிடமே பூஜ்யம். பொருள் வாங்கும்போது எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் வழக்கு வரும். ஊட்டியில் இருப்பவர் மைனஸ் 760 கேட்டால் உலகத்தின் எந்தப் பம்பாலும் தர முடியாது. அங்கே காற்றழுத்தமே 580 மில்லிமீட்டர் அளவுதான். முழு வெற்றிடத்திலும் முள் அங்கேயே நின்றுவிடும்.

கலனைக் காலி செய்யும்போது அழுத்தம் முதலில் மளமளவென்று இறங்கும். பிறகு ஓரிடத்தில் மணிக்கணக்காக நகராது. பம்ப் பழுது என்று பதறத் தேவையில்லை. கலனுக்குள் மிதந்த காற்று எப்போதோ போய்விட்டது; இப்போது வருவது சுவர்களில் ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகள். திறந்து வைத்த ஒவ்வொரு முறையும் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது, மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. மீயுயர் வெற்றிடம் வேண்டுவோர் கலனை 150 முதல் 250 டிகிரி வரை ஒருநாளுக்கு மேல் சூடாக்கி அதை விரட்டுகிறார்கள். உள்பரப்பில் வெறும் விரல் பட்டால் அந்த ரேகையின் எண்ணெய் நாள்கணக்காக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால்தான் கையுறை. அடிமுட்டிய துளையில் திருகிய ஒரு ஸ்க்ரூவும் இதே தொல்லையைத் தரும்: மரைகளுக்கு அடியில் சிக்கிய காற்று சிறிது சிறிதாகக் கசிந்து, வெளியே எங்கும் ஓட்டை இல்லாத ஒரு கசிவைக் காட்டும். அதற்காக ஸ்க்ரூவின் நடுவிலேயே துளையிட்டு விற்கிறார்கள்.

உண்மையான ஓட்டையைத் தேடுவது ஹீலியத்தின் வேலை. காற்றில் அது பத்து லட்சத்துக்கு ஐந்து பங்குதான் இருப்பதால், உள்ளே திடீரென்று தென்பட்டால் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யுரேனியத்தைப் பிரிக்கும் அமெரிக்க ஆலைகளுக்காக வளர்ந்த முறை இது. இணைப்புகளின்மேல் மெல்லிய தாரையாக ஹீலியத்தைப் பீய்ச்சி, உள்ளே நிறைமாலை அளவி (வாயுக்களை அவற்றின் எடையை வைத்துப் பிரித்தறியும் கருவி) காட்டும் எண்ணைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கிக் கீழே வருவதுதான் முறை, ஏனென்றால் ஹீலியம் மேலே எழும்பும். கீழே பீய்ச்சினால் மேலே உள்ள ஓட்டையில் புகுந்து ஆளைத் திசை திருப்பிவிடும்.

பம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விவரத்தாளில் அச்சிட்டிருக்கும் கடைசி அழுத்தம், பம்பின் வாயை அடைத்துவிட்டு, எந்தக் கலனையும் இணைக்காமல் அளந்தது. உங்கள் கலன், குழாய், ரப்பர் வளையம், அவற்றில் ஒட்டிய ஈரம் எல்லாவற்றோடும் அந்த எண் வராது. வேலைக்கு எத்தனை மில்லிபார் வேண்டும், எவ்வளவு நேரத்தில் வேண்டும், உள்ளே எவ்வளவு நீராவி வரும் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போனால், விற்பவர் முதலில் காட்டும் பம்பை வாங்காமல் திரும்ப வாய்ப்புண்டு.